வீட்டு உபயோகத்துக்கு ஒரு கலர் மெஷின்

"ஹோம் யூஸா மேடம், ஆபீஸ் யூஸா?"

கேட்டவன் பெயர் வினோத்குமார் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. கழுத்தில் நீல டை. ஷோரூம் குளிரில் என் பக்கத்தில் நின்றிருந்த அம்மாவை அவன் பார்க்கவேயில்லை. பார்க்காமலேயே இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள். புடவையையாவது மாற்றிக்கொண்டு வா என்று சொன்னதற்கு, "நாம இன்னா பொண்ணு பாக்கவா போறோம்?" என்றாள். அவள் முழங்கையில் ஒட்டிக் காய்ந்திருந்த செதில் ஒன்று கடையின் வெள்ளை வெளிச்சத்தில் மினுங்கியது. அதைப் பார்த்து எனக்கு வெட்கம் வரவில்லை. வெட்கப்படுவேன் என்று அவன் எதிர்பார்த்ததில்தான் எரிச்சல் வந்தது.

"வீட்டுக்குத்தான்" என்றேன்.

"பசங்க ப்ராஜெக்ட் வொர்க்கா மேடம்? மாசத்துக்கு எத்தன பேஜ் வரும்?"

காணாமல் போன ஒரு ஆளைத் தேட மாசத்துக்கு எத்தனை பக்கம் ஆகும் என்று எந்த மெஷினின் டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை. நிறைய என்று சொன்னேன். அப்படியென்றால் இதுதான் சரி என்று டேங்கில் இங்க் ஊற்றுகிற மெஷின் ஒன்றைக் காட்டினான். மலிவு, போட்டோ அள்ளும், ஒரு பக்கத்துக்கு சில்லறைக் காசுதான் ஆகும் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு, மாதிரிக்கு ஒரு பஞ்சவர்ணக் கிளியை அச்சடித்துக் கொடுத்தான். அம்மா அதைக் கையில் வாங்கினாள். நாக்கில் விரலைத் தொட்டு, கிளியின் முகத்தில் வைத்து அழுத்தி ஒரு தேய் தேய்த்தாள். கிளியின் பச்சை, மூக்கு வரை இழுத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, என்னம்மா பண்றீங்க?"

"கரைஞ்சிபோச்சு. இது வாணாம்."

"தண்ணி பட்டா கரையத்தாம்மா செய்யும். யாரு தண்ணில போடப் போறாங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவனைப் பார்த்தேன். தண்ணி பட்டாலும் கரையாதது எது என்று கேட்டேன். கலர் லேசர் என்றான். அதில் மை இல்லை, தூள், தாளில் உருக்கி ஒட்டிவிடும். ஆனால் பட்ஜெட் ஏறும் மேடம் என்று சொல்லும்போதுதான் முதல் தடவையாக அம்மாவின் புடவையைப் பார்த்தான். அவன் சொன்ன விலைக்கு என் கம்பெனியில் இரண்டு மாதச் சம்பளம் போதாது. வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "கிளிக்கே கரையுதுன்னா எம்புள்ள மூஞ்சி இன்னா ஆவும்?"

எங்கள் வீடு கடலை ஒட்டிய குருசுக்குப்பத்தில் இருக்கிறது. என் அண்ணன் குமாரவேல், தீபாவளி கழிந்த வாடைக் காலத்தில், கோவிந்தசாமியின் பைபர் படகில் கடலுக்குப் போனான். நான்கு பேர் போய் மூன்று பேர் வந்தார்கள். வலை இழுக்கும்போது அலை தூக்கி அடித்தது, பார்த்தால் ஆளைக் காணோம் என்று மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒரே மாதிரி சொன்னதாலேயே அம்மா நம்பவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின. ஹெலிகாப்டர் வந்து சுற்றிவிட்டுப் போனது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காவிட்டால் ஒருத்தன் செத்தவன் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, நாங்கள் ஏறி இறங்கிய ஒவ்வொரு மேசையும் சொன்னது. ஏழு வருஷம் போகட்டும் என்றார் ஒரு வக்கீல், ஏழு நாள் என்று சொல்கிற மாதிரி. எங்கள் வீட்டில் காலேஜ் படியேறியவள் நான் ஒருத்திதான். அதனால் எல்லாத் தாள்களையும் நான்தான் நிரப்பினேன், எல்லா ஜன்னல்களுக்கும் முன்னால் நான்தான் நின்றேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவளுக்கு அங்கே கிடைத்த மரியாதை, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா." என் மனசில் குமாரவேல் செத்துப்போய்விட்டான். வாடைக் கடலில் விழுந்தவன் திரும்பி வரமாட்டான் என்று கரையில் பிறந்த எவருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்ததை வாயால் சொல்ல அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். "ஆந்திராக்காரன் படகு ஏத்திக்கிட்டுப் போயிருக்கும். அடிபட்டுப் பேர் மறந்து எங்கனா கெடப்பான்" என்று தினமும் சொல்வாள். சொல்லிவிட்டால் இரண்டு வாய் சோறு இறங்கும். சொல்லாத நாளில் இறங்காது. அதற்காகத்தான் நான் நோட்டீஸ் போட ஒப்புக்கொண்டேன்.

முதல் நோட்டீஸ் தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில் அச்சானது. ஸ்டோர்ஸில் சரக்குப் பட்டியல் எடுக்கிற மெஷின், கருப்பு வெள்ளை மட்டும்தான் வரும். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து ஒரு கட்டு எடுத்துக்கொண்டேன். மேலே "காணவில்லை" என்று கொட்டை எழுத்து, நடுவில் அண்ணன் முகம், கீழே உயரம், நிறம், வலது புருவத்துத் தழும்பு, என் போன் நம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் பசை வாளியோடு பஸ் ஏறி, காலாப்பட்டில் தொடங்கி மரக்காணம் வரை ஒட்டினோம். ஐஸ் கம்பெனிச் சுவர், பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, டாஸ்மாக் எதிரில் இருந்த கரண்ட் கம்பம்.

மறுநாளே ஒரு குட்டியானை வண்டி எங்கள் தெரு முனையில் வந்து நின்றது. அதிலிருந்து குதித்த பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். "ஐயோ எஞ்சாமி, ஐயோ எங்கண்ணு" என்று தெருவே அதிர்ந்தது. முன்னால் வந்தவர் மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக் கமலக்கண்ணன், அண்ணி கலைமகளுக்குத் தாய்மாமன். ஒரு கையில் ரோஜா மாலை. இன்னொரு கையில் ஜவுளிக்கடைப் பை. பையில் இருந்தது கோடிப் புடவை என்று பார்க்காமலேயே எல்லாருக்கும் தெரிந்தது. புருஷன் செத்தவளுக்குத் தாய்வீட்டார் கொண்டுவருகிற கோடி.

அழுகைச் சத்தம் கேட்டு அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்தாள். கொண்டையை அவளே அவிழ்த்தாள். வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழ, அவளும் அழுதாள். அண்ணன் போன நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. உடம்பு எங்கேயோ ஒதுங்கியிருக்கிறது, எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"பாடி எங்க பாப்பா? எப்பக் கொண்டாந்தீங்க?" என்றார் கமலக்கண்ணன்.

"எந்த பாடி மாமா?"

"அதான் போஸ்டர் ஒட்டியிருக்கீங்களே, எங்க ஊரு ஐஸ் கம்பெனி செவுத்துல!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "காணவில்லைன்னு இம்மாம்பெரிய எழுத்துல போட்டிருக்கனே, ஒருத்தருக்குமா படிக்கத் தெரியல?" என்று கத்தினேன். அவர் மாலையை எந்தக் கைக்கு மாற்றுவது என்று தெரியாமல் நின்றார். "செவுத்துல ஒட்னத எவன் பாப்பா படிப்பான்? மூஞ்சியத்தான் பாப்பான். மூஞ்சி கருப்பு வெள்ளைல இருந்தா ஆளு போய்ட்டான்னு அர்த்தம். கலர்ல இருந்தா கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரன். இது கூடவா படிச்ச புள்ளைக்குத் தெரியாது?"

தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டு நீள மதில் முழுக்க இந்த இரண்டு வகை முகங்கள்தான். கண்ணீர் அஞ்சலி கருப்பு வெள்ளை, மஞ்சள் நீராட்டு கலர். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் நான் எழுத்தை நம்பி வளர்ந்தவள். எழுதிவிட்டால் போதும், உலகம் படித்துக்கொள்ளும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அம்மா விளக்குமாற்றோடு வந்தாள். "எவன்டா செத்தான்? எம்புள்ள வந்து உங்கள எல்லாம் நாக்கப் புடுங்குற மாரி கேப்பான், போங்கடா" என்று அத்தனை பேரையும் தெருமுனை வரை விரட்டினாள். கமலக்கண்ணன் கோடியைப் பையோடு சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். மாலையை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் டிரைவர் அதை வாங்கி வண்டி முகப்பில் கட்டினான். கோயிலுக்குப் போகிற வண்டி மாதிரி அது திரும்பிப் போனது. அம்மா வீட்டுக்குள் வந்து மிச்சமிருந்த நோட்டீஸ் கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் கிழித்தாள். "எம்புள்ளயக் கருப்பு வெள்ளையாக்கிட்டியேடி. படிச்சி இன்னாடி கிழிச்ச?" வாசலில் அண்ணி இன்னும் அவிழ்ந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளையும் விடவில்லை. "எழுந்து தலையச் சீவிப் பூ வைடி. புருசன் இருக்கறவ இப்டியா உக்காருவா?"

அண்ணி எழுந்து போய்த் தலையைச் சீவிப் பூ வைத்தாள்.

பிறகு பஜாரில் ஒரு கடையில் கலரில் போட்டோம். மார்கழி மழைக்கு அந்த மை தாங்கவில்லை. கடலூர் முதுநகரில் ஒட்டியதை அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், அண்ணனின் நெற்றியிலிருந்து நீலமும் சிவப்பும் கோடுகோடாக இறங்கி, வாய் இருந்த இடத்தில் ஊதாவாகத் தேங்கியிருந்தது. அம்மா முந்தானையால் அந்தச் சுவரைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க முகம் இன்னும் போனது. அங்கிருந்து திரும்புகிற பஸ்ஸில்தான், "நாமளே ஒரு மெஷின் வாங்கிடலாம். கலர் மெஷின். கரையாததா பாரு" என்றாள். கோவிந்தசாமி காரியச் செலவுக்கென்று கொடுத்த பணம் பிரிக்காத கவரில் அப்படியே கிடந்தது. அதை வாங்கிக்கொண்டால் மகன் செத்ததாக ஒப்புக்கொண்டது ஆகும் என்று தொடாமல் வைத்திருந்தவள், அதை எடுத்து என் மடியில் போட்டாள். "அவன் காரியத்துக்குக் குடுத்தான். நான் தேடறதுக்கு எடுக்கறேன். இனிமே இந்தப் பணம் வேற பணம்."

ஷோரூமில் பருப்பு வேகாத பிறகு முத்தியால்பேட்டை ஹிதாயத்துல்லா பாய் கடைக்குப் போனோம். ஆபீஸ்களில் கழித்துக் கட்டுகிற மெஷின்களை வாங்கிச் சரிபார்த்து விற்கிறவர். வாசலிலேயே திறந்த வயிற்றோடு நான்கைந்து பிரிண்டர்கள் கிடந்தன. அம்மாவிடம் வெள்ளிக்கிழமைகளில் மீன் வாங்குகிற ஆள்தான். "இன்னா தில்லையம்மா, மீன் யாவாரத்துக்கு பில்லு போடப் போறியா?" என்று சிரித்தவர், "எம்புள்ள போட்டோ போடணும் பாய்" என்று அம்மா சொன்னதும் சிரிப்பை அப்படியே மடித்து வைத்துவிட்டார். அவரும் அந்தச் சுவர்களைப் பார்த்திருந்தார் போல. நேராக மெஷினுக்கு வந்தார்.

இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்தது, எங்கள் வீட்டு வாசலில் நுழையாத அளவுக்கு உடம்பு. விலை கம்மி. இன்னொன்று சின்னது, அதிகம் ஓடாதது, விலை அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. "பெருசுதான் மலிவா இருக்கே?" என்றேன்.

"மெஷின் மலிவா இருக்கும் தங்கச்சி. நாலு கலர் டப்பா இருக்கு பாரு, கருப்பு, நீலம், செவப்பு, மஞ்ச. ஒன்னு தீந்தாலும் மத்தது வேல செய்யாதுன்னு நிக்கும். நாலும் மாத்துனா மெஷின் வெலையே வந்துரும். சின்னதுக்கு வேற கம்பெனி டப்பா போடலாம், நானே ரொப்பியும் தரேன். ஒன்னு சொல்லிடறேன், அப்புறம் பாய் ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது. போட்டோவுக்கு லேசர் அவ்ளோ சொகம் கெடையாது. மூஞ்சி கொஞ்சம் பொம்ம மாரி வரும்."

"ஆளு தெரியுமில்ல?" என்றாள் அம்மா.

"தெரியும்."

"போடு பாக்கலாம்."

என் போனிலிருந்து அண்ணன் படத்தை அனுப்பினேன். சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்தது. வான நீலச் சட்டை. யாரோ சொன்ன ஜோக்குக்கு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். சின்ன மெஷின் முனகிவிட்டு அவனை வெளியே தள்ளியது. அம்மா எச்சில் விரலைத் தூக்கும்போதே பாய் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "இரு இரு, நல்லாவே பாரு. ஆனா மீன் மாரி செவுளத் தூக்கிடாத தாயி." அம்மா சிரிக்கவில்லை. விரலை நனைத்து நெற்றியில் தேய்த்தாள். கன்னத்தில் தேய்த்தாள். நகத்தால் புருவத் தழும்பின் மேல் சுரண்டினாள். தண்ணீர் முத்து முத்தாக அவன் முகத்தின் மேல் நின்றது. முகம் அசையவில்லை.

"வெயில்ல மங்குமா பாய்?"

"வெயில்ல எதும்மா மங்காம இருக்கும்? ஆறு மாசம், எட்டு மாசம் தாங்கும்."

"போதும். அதுக்குள்ள வந்துருவான்."

பாய் மேசை மேலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு நான் கேட்காமலே ஒரு கட்டுத் தாளை மெஷினோடு வைத்துக் கட்டினார்.

மெஷினை அண்ணன் துணி வைக்கிற இரும்புப் பெட்டியின் மேல் வைத்தோம். அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சை நசுக்கினாள். உப்புக்காற்று பட்டு உள்ளே துரு ஏறாமலிருக்க அண்ணியின் பழைய சேலை ஒன்றை மடித்துப் போர்த்தினோம். அது ஓட ஆரம்பிக்கும்போது டியூப்லைட் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். வேலையிலிருந்து வந்ததும் என் பழைய லேப்டாப்பைத் திறந்து நூறோ இருநூறோ போடுவேன். அம்மா கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்குவாள். ஒவ்வொன்றையும் பார்ப்பாள். எல்லாம் ஒரே படம்தானே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "உனுக்கு ஒன்னு மாரி தெரியும்" என்றாள்.

லீவு நாளெல்லாம் பஸ். "வாடையில விழுந்தவன் தெக்கதான் போயிருப்பான்" என்று பரங்கிப்பேட்டை, பழையாறு, தரங்கம்பாடி. அவள் பசை பூசுவாள், நான் ஒட்டுவேன். யாராவது பக்கத்தில் வந்து நின்று பார்த்தால், அம்மா அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் போன் ஓயாமல் அடித்தது. உங்க அண்ணன் இங்க ஓட்டல்ல தட்டு கழுவுறாரு, பஸ் காசுக்கு ஜிபே பண்ணுங்க என்றான் ஒருத்தன். பேச விடு என்றால் பாத்ரூம் போயிருக்கிறார் என்றான். இன்னொருத்தன், அண்ணன் கிடைக்காட்டி என்ன, நான் இருக்கேன், தினம் பேசலாமா என்று கேட்டான். பெயர், ஊர், அவன் அம்மா பெயர் எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு திட்டினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எந்தப் போனையும் எடுக்காமல் விடமுடியவில்லை. எடுக்கும்போதெல்லாம் அம்மா என் வாயையே பார்ப்பாள்.

இதில் அண்ணி எங்கே இருந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அவள் வீட்டில் இருந்தாள். சமைத்தாள். பசை காய்ச்சினாள். விடிந்ததும் தலைக்குப் பூ, நெற்றிக்குப் பொட்டு, வகிட்டில் குங்குமம். ஒருநாள் பூ இல்லை என்றாலும் அம்மாவுக்குப் பொறுக்காது. அண்ணிக்கு என் வயசுதான். மாசி மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. அழைக்க வந்தவர்கள் அம்மாவுக்கும் எனக்கும் குங்குமம் கொடுத்தார்கள். அண்ணிக்கு முன்னால் வந்ததும் சிமிழைப் பிடித்த கை பாதியில் நின்றது. கொடுக்கலாமா கூடாதா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. கொடுக்காமல் போனால் அம்மா சண்டைக்கு வருவாள். கொடுத்தால், ஒருவேளை அவன் செத்திருந்தால், கர்ப்பிணிக்கு ஆகாது. கடைசியில் சிமிழைக் கீழே வைத்துவிட்டு, "நீயே எடுத்துக்க கலைமகளு" என்று சொல்லிவிட்டுத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வளைகாப்பில் அண்ணி பந்தலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றாள். உள்ளே வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் உள்ளே இருந்தேன். என் கையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. அம்மா மார்க்கெட் போயிருந்தாள். காலை வெயில் அறைக்குள் வரை வந்திருந்தது. அண்ணி கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பிறகு அந்த மெஷின் மேலிருந்த சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவள் சேலைதான்.

"செல்வி, இதுல கருப்பு வெள்ளையும் வருமா?"

"வரும் அண்ணி. ஏன்?"

"ஒன்னு போட்டுக் குடேன்."

"எது?"

அவள் சேலையின் மடிப்பை விரலால் நீவினாள். எனக்குப் புரிந்தது. புரிந்தபின் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. ஆனால் அறையில் வேறு யாரும் இல்லாததால் அவள் மேல்தான் விழுந்தது. "அம்மா பாத்தா கொன்னுடும் அண்ணி. அது உசுரோட இருக்கறதே இந்தப் படத்தாலதான். தெரியுமில்ல?"

"தெரியும். நான்தானே பசை காச்சுறேன்."

வெளியே யாரோ ஐஸ் பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. மடித்த சேலையை அண்ணி மறுபடி பிரித்து மடித்தாள்.

"அன்னிக்கு மாமா மாலயோட வந்தாரில்ல? நான் நெசம்னு நெனச்சேன். பாடி வந்துடுச்சுன்னு நெனச்சேன். வாசல்ல உக்காந்தப்ப எனக்கு எப்டி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு செல்வி. அவரு மேல சத்தியமா. அப்பாடான்னு உக்காந்து அழுதேன். அதையும் வெளக்குமாத்தால அடிச்சித் தொரத்திடுச்சு உங்கம்மா."

கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"தெனம் பூ வைக்கச் சொல்லுது. வைக்கறேன். உன் புருசன் தெக்க இருக்கான்னு சொல்லுது. உம்ங்கறேன். எனக்கு உக்காந்து அழ ஒரு மூஞ்சி வேணும். சிரிக்கற கலர் மூஞ்சிய வெச்சிக்கிட்டு எப்டி அழுவேன்?" குரல் ஏறவில்லை. உலையில் எவ்வளவு அரிசி போடட்டும் என்று கேட்கிற குரல்தான். "மாமாவுக்கு போன் பண்ணிட்டேன். இன்னிக்கு வராரு. ஊருக்குப் போறேன். அந்தக் கோடிய இன்னும் வெச்சிருக்காராம்."

"திரும்பி வருவியா?"

"எங்க திரும்பி வரச் சொல்ற?"

அம்மாவிடம் இருந்து எடுத்து இவளுக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இவளிடம் இருந்து எடுத்து அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு கட்டம், அதில் ஒரு டிக். லேப்டாப்பைத் திறந்தேன். எழுந்து உட்கார்ந்ததில் தலை சுற்றியது. நோட்டீஸை எடுத்தேன்.

"எழுத்து வாணாம்" என்றாள் அண்ணி, பின்னாலிருந்து. "மூஞ்சி மட்டும் போதும்."

காணவில்லை என்பதை அழித்தேன். உயரத்தை, நிறத்தை, தழும்பை, என் நம்பரை அழித்தேன். முகத்தைத் தாள் முழுக்கப் பெரிதாக்கினேன். கலர் என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். திரையில் வானநீலச் சட்டை அப்படியேதான் இருந்தது. அச்சாகிற வரை அது அப்படித்தான் இருக்கும். "போடட்டுமா?" என்று கேட்டேன். அவள் தலையாட்டினாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் அழுத்தியிருக்க முடியாது.

மெஷின் வழக்கம்போல முனகியது. அண்ணன் தலைமயிரில் தொடங்கி வெளியே வந்தான். நெற்றி, புருவம், கண். சிரிப்பு வந்தது. கருப்பு வெள்ளையில் அது வேறு யாருடைய சிரிப்போ மாதிரி, எப்போதோ சிரித்து முடித்தது மாதிரி இருந்தது. மெஷின் முழுக்கத் தள்ளுவதற்குள் அண்ணி குனிந்து இரண்டு கையாலும் தாளை ஏந்திக்கொண்டாள்.

ஏந்தியவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"சூடா இருக்கு செல்வி."

"அப்டித்தான் அண்ணி வரும்."

இத்தனை நாளில் அவள் ஒரு தாளைக்கூட மெஷினிலிருந்து எடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுக்கியதெல்லாம் அம்மா. அவள் தாளைக் கன்னத்தில் வைத்தாள். பிறகு கழுத்தில். பிறகு தரையில் உட்கார்ந்து, மடியில் போட்டு, அவன் நெற்றியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. தெருவில் அம்மாவின் குரல் கேட்டது, யாரிடமோ நெத்திலி விலை சொல்லிக்கொண்டே வந்தாள். வாசலில் அலுமினியக் கூடையை இறக்கி வைக்கிற சத்தம். தண்ணீர்த் தொட்டியில் கை கழுவுகிற சத்தம். நான் லேப்டாப்பை மூடினேன். அண்ணி தாளை மறைக்கவில்லை. சூடு ஆற ஆற அதன் நான்கு ஓரங்களும் மெல்ல மேலே சுருண்டு எழுந்தன. அவள் ஒவ்வொன்றாக நீவிப் படிய வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று படிந்தால் இன்னொன்று எழுந்தது.